முட்டிவலி மாத்திரை பிறந்த கதை

என் பெரியம்மா சென்னை காசிமேட்டில் மீன் விற்றவள். விடியுமுன் ஏலத்துக்குப் போய், ஐஸ் தண்ணீரில் நின்று நின்று முட்டி போயிற்று. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய ‘செட்டு மாத்திரை’யில் சின்னதாய் ஒரு வெள்ளை மாத்திரையும் இருந்தது. ரெண்டே நாளில் வலி பறந்தது. ஆறு மாதத்தில் முகம் உருண்டு திரண்டது. “யக்கா, மூஞ்சி சும்மா தளதளன்னு கீது” என்றார்கள். கை கால் குச்சியாய் மெலிந்ததைப் புடவை மறைத்துவிட்டது.

அந்த முகத்தை 1912-லேயே ஒருவர் எழுதி வைத்திருந்தார். அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங். அவரிடம் வந்த 23 வயதுப் பெண்ணுக்கு முகம் உருண்டிருந்தது, வயிறு பருத்திருந்தது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வரும் சிறு கட்டிதான் இதற்குக் காரணம் என்று 1932-ல் எழுதினார். பிட்யூட்டரி உத்தரவு போட, சிறுநீரகங்களின் தலையில் குல்லா போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்டிசாலைச் சுரக்கின்றன. கட்டி வந்தால் உத்தரவு ஓயாது. கார்டிசால் அளவு மீறும்.

மருந்து பிறந்தது வேறு வழியில். அமெரிக்காவின் மயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டால், மாட்டு அட்ரினலிலிருந்து கார்டிசாலின் நெருங்கிய உறவான ஒரு பொருளைப் பிரித்து ‘ஈ’ என்று பெயரிட்டார். மெர்க் நிறுவனம் அதை மாட்டுப் பித்தத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் தயாரித்தது. அதே மயோவில் இருந்த பிலிப் ஹென்ச், மஞ்சள்காமாலை வந்தால் மூட்டுவாதக்காரர்களுக்கு வலி குறைவதைப் பல வருஷமாகக் கவனித்து வந்தவர். 1948 செப்டம்பர் 21 அன்று, மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு அந்த மருந்தை ஊசியில் போட்டார்கள். ஒரு வாரத்தில் அவள் எழுந்து கடைத்தெருவுக்கே போய்வந்தாள். அந்த மருந்துக்குக் கார்டிசோன் என்று பெயர் வைத்தார்கள். 1950-ல் கெண்டால், ஹென்ச் இருவருக்கும், அட்ரினலை ஆராய்ந்த சுவிட்சர்லாந்தின் ரைஷ்டைனுக்கும் நோபல் பரிசு.

ஆனால் மருந்தைத் தொடர்ந்து எடுத்தவர்களுக்கு முகம் உருண்டது. குஷிங் எழுதி வைத்த அதே முகம்! நோயைத் தரும் பொருளும் வலியைத் தீர்க்கும் பொருளும் ஒரே குடும்பம் என்பது அப்போதே தெரிந்துபோன விஷயம்.

பிறகு மெக்சிகோவின் காட்டுக்கிழங்கும் ஒரு பூஞ்சையும் உதவ, ஸ்டீராய்டு எனப்படும் இந்தக் குடும்பத்து மருந்துகளின் விலை சரிந்தது. 1955-ல் இன்னும் வீரியமான பிரெட்னிசோலோன் வந்தது. பெரியம்மாவின் வெள்ளை மாத்திரையும் இந்த வகைதான். மருந்தின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆஸ்துமாவில் மூச்சு முட்டுகிறவர்களை அது பிழைக்க வைக்கிறது. 2020-ல் ஆக்சிஜன் உதவியோடு மூச்சுக்குப் போராடிய கொரோனா நோயாளிகள் பலரைக் காப்பாற்றியதும் அதன் தம்பியான டெக்ஸாமெத்தசோன்தான். சட்டப்படி டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்தைக் கூறு கட்டி விற்றதுதான் குற்றம்.

மாத்திரையால் சர்க்கரை ஏறிவிட்டது என்று கேட்டதும் பயந்து, பெரியம்மா ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினாள். மூணாம் நாள் வாந்தி, மயக்கம், பிரஷர் பாதாளத்தில். ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் அவளுடைய அட்ரினல் வேலையையே மறந்திருந்தது. அது விழித்துக்கொள்ள மாதக்கணக்கில் ஆனது.

வீட்டில் யாருக்காவது முகம் இப்படி உருண்டிருந்தால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொஞ்சங்கொஞ்சமாய் எப்படிக் குறைப்பது என்று டாக்டர் சொல்வார்.