குடியேறியோரின் குழந்தைகளும் ஊர் வரலாறும் — கண்டிப் பகுதியை முன்வைத்து ஒரு நோக்கு

நாடு விட்டு நாடு சென்று குடியேறும் குடும்பமொன்றின் குழந்தை இரு வரலாறுகளைக் கேட்டு வளர்கின்றது. ஒன்று வீட்டிற் சொல்லப்படுவது. அது விட்டுவந்த ஊரைப் பற்றியது. மற்றையது பாடசாலையிற் கற்பிக்கப்படுவது. அது வந்துசேர்ந்த நாட்டின் மன்னரையும் போர்களையும் பற்றியது. தான் ஓடி விளையாடும் இந்த மண்ணுக்கும் தன் குடும்பத்துக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் வினாவுக்கு இவ்விரண்டும் விடை கூறுவதில்லை. அவ்விடையைத் தேடுவதற்கு ஊர் வரலாறே தக்க வழியாகும். இதனைக் கண்டிப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டியைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. வெவ்வேறு காலங்களிற் கடல் கடந்து வந்தோர் விட்டுச்சென்ற தடயங்கள் இங்கே அண்மித்த தொலைவிலேயே காணக்கிடைக்கின்றன. பிலிமத்தலாவைக்கு அருகே பாறைமீது நிற்கும் கடலாதெனிய விகாரை, கம்பளை அரசு நிலவிய காலத்தில், நான்காம் புவனேகபாகுவின் ஆட்சியில், 1344இல் எழுந்தது. அதனை அமைத்தவர் கணேஸ்வராசாரி என்னும் தென்னிந்தியச் சிற்பாசாரி. கருங்கல்லாலான அவ்விகாரையின் தூண்களும் போதிகைகளும் திராவிடக் கட்டடக்கலையை நினைவூட்டுகின்றன. அதே காலத்து இலங்காதிலக விகாரையின் பாறையிற் சிங்களத்திலும் தமிழிலும் சாசனங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு பௌத்த நிறுவனத்தின் செய்தியை இருமொழியிலும் எழுதுவது அன்றைய ஆட்சியாளருக்கு இயல்பாக இருந்தது என்பதை, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த குழந்தைக்குக் கூட அப்பாறை உணர்த்தும்.

அடுத்த படை கண்டி நகரிலேயே உள்ளது. 1739இல் நரேந்திரசிங்கன் உரிய வாரிசின்றி இறக்கவே, மதுரையிலிருந்து வந்த அவனது தேவியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்னும் பெயருடன் அரியணை ஏறினான். அன்று தொட்டு 1815 வரை நாயக்கர் வழியினர் நால்வர் ஆண்டனர். அவர்களுள் ஒருவனான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்திலேயே, 1753இல், சீயத்திலிருந்து பிக்குகள் அழைக்கப்பட்டு உபசம்பதை மீண்டும் நிலைநாட்டப்பட்டது. இன்று நகருக்கு அழகு தரும் கண்டி வாவியை அமைப்பித்தவன் இவ்வழியின் இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். அவன் 1815இற் சிறைப்பட்டு, வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே மாண்டான்.

மன்னன் தமிழகத்துக்குச் சென்ற சில ஆண்டுகளிலேயே தமிழகத்துக் கூலியாட்கள் கண்டிச் சீமைக்கு வரத் தொடங்கினர். தேசாதிபதி பார்ன்ஸ் கன்னொறுவையிலும், ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கு அருகே சிங்ஹாபிட்டியவிலும் 1820களிற் கோப்பித் தோட்டங்களைத் தொடங்கினர். திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை முதலிய பகுதிகளின் வறிய மக்கள் கங்காணிமாரின் பின்னே மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். பசியாலும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் மடிந்தோர் பலர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவிற் பத்தொன்பது ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். 1869இற் கோப்பி இலைநோய் தோன்றிய பின்னர் மலைச்சரிவுகள் படிப்படியாகத் தேயிலைக்கு மாறின.

முதலிரு படைகளுக்கும் மூன்றாவதற்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. சிற்பாசாரியின் பெயர் நிலைத்தது. மன்னனின் பெயரும் நிலைத்தது. கண்டி வீதியை அமைத்த பொறியியலாளர் டோசனுக்குக் கடுகண்ணாவையில் உயர்ந்த கோபுரமே எழுப்பப்பட்டுள்ளது. அவ்வீதி ஏறிச்செல்லும் மலைகளைத் தோட்டங்களாக்கியோருக்கோ கல்லுமில்லை, பெயருமில்லை. ஆகவே இப்படையைக் கற்பிக்க விரும்புவோர் குழந்தையைப் பாறையிடம் அழைத்துச் செல்வது போதாது. பாட்டியிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

இஃது உணர்ச்சிக்காகக் கூறப்படுவதன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், அதற்கு முன் இங்கு பிறந்த ஒருவர் தம் தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ நிறுவுமாறு கோரியது. லயத்திற் பிறந்து, பிறப்புச் சாட்சிப் பத்திரமின்றி வளர்ந்தோர் எதைக்கொண்டு நிறுவுவர்? குடும்ப வரலாறு எழுத்தில் இல்லாமை இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். கண்டி மலைகளைத் தவிர வேறெதையும் அறியாத குழந்தைகள் நீலகிரியிலும் பிற இடங்களிலும் இறக்கப்பட்டனர். இங்கே இந்தியர் எனப்பட்டோரை அங்கே சிலோன்காரர் என்றனர். நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

ஆயினும், ஊர் வரலாறு உரிமை கொண்டாடும் கருவியாக மட்டும் சுருங்கிவிடலாகாது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தால் கண்டிச் சிங்களக் குடியானவர் தம் காடுகளையும் சேனை நிலங்களையும் இழந்தனர். தோட்டம் எழுந்தது அவர்தம் இழப்பின்மீதும், வந்தோரின் உழைப்பின்மீதும் ஆகும். இரண்டையும் ஒருங்கே கற்கும் குழந்தையே அயற்கிராமத்துக் குழந்தையுடன் நேர்நின்று பேசவல்லது. குறையை மட்டும் கற்ற குழந்தை பகையைக் கற்கும். பெருமையை மட்டும் கற்ற குழந்தை பொய்யைக் கற்கும்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. தோட்டமொன்றுக்கு ஆங்கிலப் பெயரும், சிங்கள ஊர்ப் பெயரும், தொழிலாளர் இட்ட தமிழ்ப் பெயருமாக மூன்று பெயர்கள் வழங்குவதுண்டு. அவற்றைத் திரட்டுமாறு மாணவரைப் பணிக்கலாம். கோயிற் பதிவுகள், இடுகாட்டுக் கற்கள், பழைய சம்பளத் துண்டுகள் ஆகியவற்றைப் படியெடுக்கச் செய்யலாம். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்து வழிகாட்டியுள்ளார். முதியோர் நினைவிலுள்ளவற்றை அவ்வாறே பதியலாம். 2023இல் மலையக மக்களின் இருநூறாண்டு நிறைவையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தமை, வரலாற்றைக் காலாலும் கற்கலாம் என்பதற்குச் சான்றாயிற்று.

1983இன் பின்னர் புலம்பெயர்ந்து தொரன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் நம்மவரின் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அவர்களுக்கு யாழ்ப்பாணத்தையும் மட்டக்களப்பையும் மட்டும் சொல்வது போதாது. தாம் நிற்கும் தெருவுக்கு முன்னர் வந்தோர் யாவர், அவர்க்கும் முன்னர் அங்கிருந்தோர் யாவர் எனக் கேட்கவும் பழக்குதல் வேண்டும்.

பேராதனை வளாகத்திலிருந்து கன்னொறுவை நடைதூரமே. அங்கிருந்த கோப்பித் தோட்டத்தின் கதையை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? லூல்கந்துரவில் டெய்லரின் பெயர் கூறப்படுகின்றது. அவருடன் முதற் கொழுந்து கொய்தோரின் பெயரைக் கூறவல்லார் இல்லை. இனியும் அவ்வாறு நேராதிருக்க வேண்டுமாயின், இன்று லயத்து வாசலில் அமர்ந்திருக்கும் முதியவரிடம் அவர்தம் பேரப்பிள்ளையை வினாவுடன் அனுப்புதல் நம் கடமையாகும்.