மண்ணெண்ணெய் முத்திரையும் செக்ரோலும்

1979 செப்டெம்பரில் இலங்கை அரசாங்கம் இருவகை முத்திரைகளை வழங்கத் தொடங்கிற்று. ஒன்று உணவு முத்திரை. மற்றது மண்ணெண்ணெய் முத்திரை. முன்னதைக் குறித்துப் பொருளியலாளர் ஏராளமாக எழுதியிருக்கின்றனர். பின்னதைத் தனித்து நோக்கியோர் அரியர். குடும்பம் ஒன்றுக்கு மாதம் 9 ரூபா 50 சதம் பெறுமதியுள்ள அச்சிறு தாளில் என்ன வரலாறு இருக்க முடியும் என்று அவர்கள் கருதியிருக்கலாம். அக்கரப்பத்தனை லயங்களிலிருந்து நோக்குவோருக்கு அது அத்துணை அற்பமாகத் தோன்றாது.

முன்பிருந்த நிலையை முதலிற் கூறவேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தோன்றிய அரிசிப் பங்கீடு, பல மாற்றங்களோடு, ஏறத்தாழ அனைவருக்கும் உரியதாய் நீடித்து வந்தது. மண்ணெண்ணெய் மானிய விலையில் விற்கப்பட்டது. விலையிலேயே கலந்திருந்த அவ்வுதவி, போத்தலை நீட்டியவரிடம் ‘உன் வருமானம் என்ன?’ என்று வினவியதில்லை. 1977 இல் பதவியேற்ற ஜே. ஆர். ஜயவர்த்தன அரசாங்கம் மானியங்களைக் குறைக்கும் கொள்கையை மேற்கொண்டது. 1978 இல் மாதம் 300 ரூபாவுக்கு மேல் வருமானமுள்ள குடும்பங்கள் பங்கீட்டிலிருந்து நீக்கப்பட்டன. மறு ஆண்டு பங்கீடே முத்திரையாயிற்று. விலை கூடிய மண்ணெண்ணெய்க்கும் ஏழைகளுக்கு மட்டும் முத்திரை என்றாயிற்று.

ஏழை யார் என்பதே இனிப் பிரச்சினை. அளவுகோல் அந்த 300 ரூபாதான். அங்கத்தவர் தொகைக்கேற்ப அது சற்று நெகிழும். கிராமத்து விவசாயியின் வருமானத்தை எழுதிவைத்த ஏடு எங்கும் இல்லை. வயலில் விளைந்தது, வளவில் காய்த்தது, அயலிற் செய்த கூலி ஆகியவற்றை அவரே சொல்லவேண்டும், அதிகாரி நம்பவேண்டும். தகுதியற்றோர் பலரும் இவ்வழியே முத்திரை பெற்றனர் எனப் பிற்கால ஆய்வுகள் கூறுகின்றன. நாட்டின் சனத்தொகையில் ஏறக்குறையப் பாதிக்கு முத்திரை கிடைத்தது.

தோட்டத் தொழிலாளியின் வருமானமோ அவர் வாயைத் திறக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. காலைப் பெரட்டில் ஆள் எண்ணி, மாலையில் கொழுந்து நிறுத்து, செக்ரோலில் பதிவாகும் கணக்கு அது. மலையக வழக்கில் ஒரு நாள் வேலைக்கே ‘பேர்’ என்பது பெயர்; குறைந்தால் ‘அரைப்பேர்’. மொழி பயின்றோர் சற்று நின்று சிந்திக்கவேண்டிய வழக்கு இது. மனிதனின் பெயரும் அவன் உழைப்பும் அந்த ஏட்டில் ஒன்றாகிவிட்டன. அந்த ஏடே முத்திரைக்கு விண்ணப்பித்தவருக்கு எதிரான சாட்சியுமாயிற்று. பெருந்தொகையான தோட்டக் குடும்பங்கள் ‘நிரந்தர வருமானமுடையோர்’ என்ற காரணத்தால் ஒதுக்கப்பட்டன.

கணக்கைப் பார்ப்போம். கணவனும் மனைவியும் சேர்ந்து நாளொன்றுக்கு 12 ரூபா பெற்று, 25 நாள் வேலை செய்தால் 300 ரூபா. ஏட்டின்படி அக்குடும்பம் எல்லையைத் தொட்டுவிட்டது. அரிசிக்கும் மாவுக்கும் பிடித்தது, திருநாள் முற்பணத்துக்குப் பிடித்தது, சங்கச் சந்தா எல்லாம் போகக் கையில் விழுந்தது வேறு. கொழுந்து குறைந்த மாதத்தின் கதையும் வேறு. அன்றியும், கிராமத்துப் பெண் தன் குடும்பத்து வயலில் இறங்கி உழைப்பது எவரது கணக்கிலும் வருவதில்லை. தோட்டத்துப் பெண்ணின் உழைப்போ சதக் கணக்கில் பதிவாகியிருந்தது. ஆணும் பெண்ணும் உழைத்தமையே அவர்களைத் தகுதியற்றோராக்கியது என்றால் மிகையாகாது.

இன்னொன்றும் உண்டு. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களின் பின்னர் இத்தோட்டங்களுட் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கையில் இருந்தன. சனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமுமே முதலாளிகள். கூலியைக் கொடுத்ததும் அரசு, அக்கூலி போதுமானதென்று தீர்த்ததும் அரசு! தொழிலாளரின் பெருந்தலைவர் எஸ். தொண்டமான் 1978 முதல் அமைச்சரவையில் வீற்றிருந்தார் என்பதையும் மறத்தற்கில்லை.

1980 மார்ச்சில் புதிய பெயர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அதன்பின் வேலையிழந்தவருக்கும் கதவு திறக்கவில்லை. உள்ளே இருந்தோருக்கும் முத்திரையின் தொகை மாறாதிருக்க, விலைவாசி ஏறிற்று. சில ஆண்டுகளில் அதன் வாங்கும் சக்தி பாதியளவாகத் தேய்ந்தது.

லயத்து அடுப்புக்குக் கவ்வாத்து மிலாரும் விறகும் உண்டு. மண்ணெண்ணெய் வேண்டியிருந்தது குப்பி விளக்குக்கு. அதாவது, இருட்டிய பின் பிள்ளை புத்தகம் விரிப்பதற்கு. அக்கரப்பத்தனையின் ஆக்ரா ஓயா கீழிறங்கிக் கொத்மலை ஓயாவாகிறது. அந்நீரைக் கொண்டு 1985 இல் கொத்மலையிலும், 2012 இல் தலவாக்கலையில் அணைகட்டி மேல் கொத்மலைத் திட்டத்திலும் மின்சாரம் எடுத்தார்கள். பிந்தியதன் ஆற்றல் மட்டும் 150 மெகாவாற். நீர் பிறந்த மலையில் பல லயங்கள் நெடுங்காலம் குப்பி விளக்கிலேயே இருந்தன.

பணம் படைத்த நாடுகளிலும் இவ்வழக்கு ஓய்ந்தபாடில்லை. பிரித்தானியாவில் 1997 முதல் முதியோர்க்கு வழங்கப்பட்ட குளிர்கால எரிபொருட் கொடுப்பனவு, 2024 இல் மிக வறியோர்க்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது. எல்லைக்கோட்டுக்குச் சற்று மேலே நின்றோர் எழுப்பிய கூக்குரலால், மறு ஆண்டே 35,000 பவுண் வரை வருமானமுள்ளோர்க்கு அது மீண்டது. அம்முதியோர்க்கு வாக்குப் பலம் இருந்தது. 1979 இல் நம் லயங்களில் பிரஜாவுரிமையற்றோர் இன்னும் பல இலட்சம். அவர்களுக்கான சட்டங்கள் 1988 இலும் 2003 இலுமே முழுமை பெற்றன.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் உயர்ந்தது. 2023 இல் வந்த ‘அஸ்வெசும’ திட்டம் 300 ரூபா போன்ற ஒற்றை அளவை விட்டு, 22 அளவீடுகளால் வறுமையை நிறுக்கிறது. பெயர்ப் பட்டியல் வெளியானதும் முறையீடுகளும் ஆட்சேபங்களும் இலட்சக்கணக்கில் குவிந்தன. அவ்வளவீடுகளுள் வீட்டின் மின் பாவனையும் ஒன்று. முன்பு செக்ரோல் சொன்ன சாட்சியத்தில் ஒரு பங்கை இப்போது மின்சாரப் பட்டியல் சொல்கிறது. தோட்டத்துத் தாய் அதையும் மடித்து எடுத்துக்கொண்டுதான் பிரதேச செயலகத்துக்குப் பஸ் ஏறுகிறாள்.