ஹார்லெம் நடன மேடைக்கும் எச்.ஐ.வி பரிசோதனைக்கும் என்ன தொடர்பு? பினாங்கில் இருக்கும் நமக்கு இது ஏன் முக்கியம்?

டிக்டாக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ 'வோகிங்' நடனத்தைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. கைகளைச் சட்டென மடக்கி விரிப்பார்கள், மாடல் போல நடப்பார்கள், இசை உச்சத்துக்குப் போகும்போது அப்படியே தரையில் சாய்வார்கள். மடோனாவின் 1990-ஆம் ஆண்டுப் பாடலால் உலகம் முழுக்கப் பிரபலமான நடனம் அது. 'போஸ்' தொடர் பார்த்தவர்களுக்கு அதன் பின்னணியும் கொஞ்சம் தெரிந்திருக்கும்.

இந்த நடனத்தை வளர்த்தது நியூயார்க்கின் கறுப்பின, லத்தீன் அமெரிக்க குவீர் சமூகம். எச்.ஐ.வி பற்றிய தகவல் அந்தச் சமூகத்தைச் சென்றடைய உதவியதும் இதே மேடைதான். அது எப்படி நடந்தது? மலேசியாவில் இருக்கும் நமக்கு அதில் என்ன பாடம்?

'பால்ரூம்' என்றால் என்ன?

நியூயார்க்கில் அலங்கார உடைப் போட்டிகள் நீண்ட காலமாகவே நடந்து வந்தன. ஆனால் அவற்றில் கறுப்பினப் போட்டியாளர்களுக்குப் பாகுபாடு காட்டப்பட்டது. இதை வெளிப்படையாக எதிர்த்தவர் கிறிஸ்டல் லபேஜா. 1970-களின் தொடக்கத்தில் அவர் ஹார்லெமில் கறுப்பினத்தவருக்கென்றே போட்டி நடத்தத் தொடங்கினார். 'ஹவுஸ் ஆஃப் லபேஜா' என்ற குழு அப்படித்தான் உருவானது.

'ஹவுஸ்' என்பது வெறும் நடனக் குழு இல்லை. சொந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்ட இளைஞர்களுக்கு அதுவே குடும்பம். அதன் தலைவரை 'மதர்', அதாவது அம்மா என்று கூப்பிடுவார்கள். சாப்பாடு, தங்குமிடம், கண்டிப்பு, பாசம் எல்லாம் அந்த அம்மாவிடமிருந்துதான் கிடைக்கும்.

எச்.ஐ.வி எப்படி மேடைக்கு வந்தது?

1980-களில் எய்ட்ஸ் பரவியபோது இந்தக் குடும்பங்கள் பலரை இழந்தன. மருத்துவக் காப்பீடு கிடையாது, மருத்துவமனையில் மரியாதையும் கிடையாது என்ற நிலையில், சுவரொட்டி ஒட்டிவிட்டுக் காத்திருந்தால் யாரும் பரிசோதனைக்கு வரப்போவதில்லை.

இதைப் புரிந்துகொண்ட நியூயார்க்கின் ஜி.எம்.ஹெச்.சி என்ற எச்.ஐ.வி சேவை அமைப்பு, பால்ரூம் உலகத்துக்கு உள்ளேயே போனது. 'ஹவுஸ் ஆஃப் லேடெக்ஸ்' என்ற பெயரில் தானே ஒரு ஹவுஸ் தொடங்கியது. அது நடத்தும் 'லேடெக்ஸ் பால்' நிகழ்ச்சி 1990-களிலிருந்து தொடர்கிறது. ஒரு பக்கம் போட்டி நடக்கும். இன்னொரு பக்கம் ஆணுறை விநியோகம், பரிசோதனை, ஆலோசனை எல்லாம் நடக்கும். 'கிளினிக்குக்கு வாங்க' என்று கூப்பிடாமல், மக்கள் கூடும் இடத்துக்கே கிளினிக்கைக் கொண்டு போனார்கள்.

தேவை இன்னும் தீரவில்லை. நிலைமை மாறாவிட்டால், அமெரிக்காவில் தன்பாலீர்ப்பு அல்லது இருபாலீர்ப்பு கொண்ட கறுப்பின ஆண்களில் 2 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எச்.ஐ.வி தொற்று உறுதியாகலாம் என்று அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2016-இல் கணித்தது. சிகிச்சை எளிதில் கிடைக்காததும், வறுமையும், அவமானத்துக்குப் பயப்படுவதும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

'போஸ்' தொடரில் எச்.ஐ.வி-யுடன் வாழும் கதாபாத்திரத்தில் நடித்த பில்லி போர்ட்டர், அந்த நடிப்புக்காக 2019-இல் எம்மி விருது வாங்கினார். தனக்கும் 2007-இல் எச்.ஐ.வி உறுதியானது என்று அவர் வெளியே சொன்னது 2021-இல்தான். பிரபலமான ஒரு நடிகருக்கே 14 வருஷம் ஆகியிருக்கிறது. சாதாரண இளைஞர் ஒருவர் எவ்வளவு தயங்குவார் என்று யோசித்துப் பாருங்க.

தமிழ் மண்ணில் இப்படி ஏதாவது உண்டா?

உண்டு. தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் கூவாகம் கிராமத்தில், ஒவ்வொரு சித்திரையிலும் கூத்தாண்டவர் திருவிழா நடக்கிறது. மகாபாரத அரவானை மணந்து தாலி கட்டிக்கொள்ளவும், மறுநாள் தாலியறுத்து அழவும் பல ஊர்களிலிருந்து திருநங்கைகள் திரள்வார்கள். அதையொட்டி விழுப்புரத்தில் 'மிஸ் கூவாகம்' அழகிப் போட்டியும் கலை நிகழ்ச்சிகளும் களைகட்டும்.

எச்.ஐ.வி விழிப்புணர்வுப் பிரசாரமும் பல ஆண்டுகளாக இந்தக் கூட்டத்தோடு சேர்ந்தே நடக்கிறது. கூவாகமும் ஹார்லெமும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இடங்கள். ஆனாலும் இரண்டிலும் ஒரே வழிதான் பலன் தந்திருக்கிறது.

பினாங்கில் என்ன நடந்தது?

ஜார்ஜ்டவுன் 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமானது. அதன் தொடர்ச்சியாக 2010-இல் ஜார்ஜ்டவுன் விழா தொடங்கியது. 2018 ஆகஸ்டில் அந்த விழாவில் 'ஸ்ட்ரைப்ஸ் அண்ட் ஸ்ட்ரோக்ஸ்' என்ற புகைப்படக் கண்காட்சி வைக்கப்பட்டது. ஜாலூர் கெமிலாங் கொடியுடன் பல மலேசியர்களின் படங்கள் அதில் இருந்தன. திருநங்கை செயற்பாட்டாளர் நிஷா ஆயூப், செயற்பாட்டாளர் பாங் கீ தெய்க் ஆகிய இருவரின் படங்கள் மட்டும் அகற்றப்பட்டன. எல்.ஜி.பி.டி செயல்பாடுகளை ஊக்குவிப்பது அரசாங்கக் கொள்கைக்கு ஒத்துவராது என்பது அப்போதைய சமய விவகார அமைச்சர் முஜாஹிட் யூசோப் ராவா தந்த விளக்கம்.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 2008-இல் கோலாலம்பூரில் தொடங்கிய 'செக்சுவாலிட்டி மெர்டேகா' விழாவுக்குப் போலீஸ் 2011-இல் தடை விதித்தது. ஆண்களுக்கிடையிலான பாலுறவு மலேசியச் சட்டப்படி இன்றும் குற்றம்.

அந்தக் கண்காட்சி எச்.ஐ.வி பற்றியது இல்லையே, இங்கே ஏன் பேசணும் என்று நீங்கள் கேட்கலாம். தன் முகத்தைப் பொதுவில் காட்ட முடியாத ஒருவர், கிளினிக் கவுண்டரில் நின்று, 'எனக்கு டெஸ்ட் எடுக்கணும்' என்று சொல்லத் தயங்குவார். மேடை மூடும்போது, அதன் வழியாகப் போக வேண்டிய தகவலும் நின்றுவிடும். பிரச்சினை இதுதான்.

மலேசியாவில் நிலவரம் என்ன?

முதல் எச்.ஐ.வி பாதிப்பு இங்கே 1986-இல் பதிவானது. தொடக்கத்தில் போதை ஊசியைப் பகிர்ந்துகொண்டதால்தான் தொற்று அதிகம் பரவியது. 2002-இல் மட்டும் ஏறக்குறைய 7,000 புதிய பாதிப்புகள். 2005-இல் மெத்தடோன் சிகிச்சையும், 2006-இல் சுத்தமான ஊசி வழங்கும் திட்டமும் வந்த பிறகு எண்ணிக்கை குறைந்தது. அப்போதும் எதிர்ப்பு இருந்தது. இருந்தும் அரசாங்கம் திட்டத்தைக் கைவிடவில்லை, பலனும் கிடைத்தது.

2018-இல், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி பரவுவதை ஒழித்த நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனம் மலேசியாவுக்கு வழங்கியது. ஆனால் அண்மைய ஆண்டுகளிலும் ஏறக்குறைய 3,000 புதிய பாதிப்புகள் பதிவாகின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பாலுறவு வழியாகப் பரவியவை. ஊசியைப் பற்றிப் பேசி ஜெயித்த நாம், இதைப் பற்றிப் பேசத் தயங்கிக்கொண்டிருக்கிறோம்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

• எச்.ஐ.வி இப்போது கட்டுப்படுத்தக்கூடிய தொற்று. மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டால் வழக்கமான ஆயுளோடு வாழலாம்.

• ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், பாலுறவு வழியாக மற்றவருக்குப் பரவாது. 'யூ = யூ' என்பதன் அர்த்தம் இதுதான். 2019-இல் வெளியான 'பார்ட்னர் 2' ஆய்வில் 782 ஆண் ஜோடிகள் கண்காணிக்கப்பட்டனர். சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை.

• 'பிரெப்' என்பது தொற்று வராமல் தடுக்க முன்கூட்டியே எடுக்கும் மாத்திரை. சொன்னபடி எடுத்தால் பாலுறவு வழியான ஆபத்தை ஏறக்குறைய 99 சதவீதம் குறைக்கும். 2023 முதல் குறிப்பிட்ட சில அரசாங்க கிளினிக்குகளில் கிடைக்கிறது.

• தொற்றுக்கு வாய்ப்பு ஏற்பட்டிருக்குமோ என்று சந்தேகமா? 72 மணி நேரத்துக்குள் 'பெப்' மருந்தைத் தொடங்க வேண்டும். காலையில் பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போடாதீங்க.

• பரிசோதனைக்கு கிளினிக் கெசிஹாத்தான் போகலாம். அண்மையில் ஏற்பட்ட தொற்றை முதல் பரிசோதனை காட்டாமல் போகலாம். எப்போது மறுபடி எடுக்க வேண்டும் என்று அங்கேயே கேளுங்கள்.

• கட்டிப்பிடிப்பது, ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே கழிவறையைப் பயன்படுத்துவது இவற்றால் எச்.ஐ.வி பரவாது.

டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் தினத்தில் நாம் சட்டையில் குத்திக்கொள்ளும் சிவப்பு ரிப்பன்கூட, 1991-இல் நியூயார்க் கலைஞர்கள் உருவாக்கியதுதான். மருந்தை விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். அதை வாங்கப் போகும் தைரியம், தனக்கு மரியாதை கிடைக்கும் இடத்தில்தான் ஒருவருக்கு வரும். உங்கள் நண்பர் ஒருவர் இதைப் பற்றிப் பேச வந்தால், தீர்ப்புச் சொல்லாமல் கேளுங்கள். தேவைப்பட்டால் கிளினிக்குக்குக் கூடவே போங்க.