முட்டை உறிஞ்சும் காவலன்

செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் நெல் பயிரிடுவோர் கதிர் நாவாய்ப்பூச்சியை நன்கு அறிவர். பால் பிடிக்கும் மணியை உறிஞ்சிப் பதராக்கிவிடும். ஆனால் நாவாய்ப்பூச்சிகள் அனைத்தும் நமக்குப் பகைவர் அல்ல.

ஹவாய்த் தீவுகளில் தத்துப்பூச்சி கரும்பைப் பாழாக்கி வந்தது. 1920-இல் மூயிர் என்ற பூச்சியியலார், அதன் முட்டைகளை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சியைக் குவீன்ஸ்லாந்திலிருந்து கொண்டுவந்தார், தொல்லை அடங்கியது.

அதன் உறவினப் பூச்சியொன்று நம் நெல் வயல்களிலேயே புகையானின் முட்டைகளை உறிஞ்சி அழிக்கிறது. இந்தோனேசியாவில் கண்டபடி மருந்து தெளித்தபோது இந்தக் காவலர்களும் சிலந்திகளும் மடிந்தன. இலையுறைக்குள் பொதிந்திருந்த புகையான் முட்டைகளோ தப்பிப் பொரித்தன. 1986-இல் அந்நாடு 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தது.

நீங்களும் மருந்தை எடுக்குமுன் தூரை விலக்கிப் பாருங்கள். பச்சை உடலும் கறுத்த தலையுமாய் ஓடுகிறதே, அதுவே காவலன்!