‘இன்’ போன கதை

பெட்ரோல் டேங்கர் லாரிகளின் முதுகில் எழுதியிருப்பதைக் கவனித்தால், ஒன்றில் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று இருக்கும், இன்னொன்றில் ‘ஃப்ளேமபிள்’ என்று இருக்கும். விசிபிளுக்கு இன்விசிபிள், கரெக்டுக்கு இன்கரெக்ட் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இவை எதிர்ப்பதங்களாகத்தான் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் பொருள் ஒன்றே: எளிதில் தீப்பற்றும்.

வம்பு லத்தீனில் தொடங்குகிறது. அங்கே ‘இன்’ என்ற முன்னொட்டு இரண்டு. ஒன்று இல்லை என்று மறுப்பது. மற்றது ‘உள்ளே’ என்று பொருள்பட்டு வினைக்கு வேகம் கூட்டுவது. ஃப்ளம்மா என்றால் சுடர், இன்ஃப்ளம்மாரே என்றால் தீமூட்டுதல். அதன் வழிவந்த இன்ஃப்ளேமபிள்தான் மூத்தது. நானூறு ஆண்டுகளாக ஆங்கிலத்தில் இருக்கிறது. ஃப்ளேமபிள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லத்தீன் மொழிபெயர்ப்பில் தலைகாட்டியதோடு சரி, பிறகு நூறாண்டு காலம் யாரும் சீண்டவில்லை.

அதைத் தூசி தட்டி எடுத்தவர்கள் இலக்கணக்காரர்கள் அல்லர். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனத்தார் முன்னின்று 1896-இல் தொடங்கிய தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம், 1920-களில் இன்ஃப்ளேமபிளைக் கைவிடுங்கள் என்று வற்புறுத்தத் தொடங்கியது. பீப்பாயில் இருக்கும் ‘இன்’னை ‘இல்லை’ என்று படித்து ஒரு தொழிலாளி பீடி பற்றவைத்தால் நட்டஈடு கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள். லத்தீன் இலக்கணம் சரியாக இருந்து அவர்களுக்கு என்ன லாபம்?

சொல் தீ வைக்கும் என்பதை அந்தக் காலத்தில் நன்றாக அறிந்த ஒருவர் பெஞ்சமின் லீ வோர்ஃப். எம்.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படித்தவர். 1919 முதல் ஹார்ட்ஃபோர்ட் தீக்காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. ஓய்வு நேரத்தில் மொழியியல். அவர் எழுதிய விபத்துகளில் புகழ்பெற்றது காலி டிரம் கதை. பெட்ரோல் நிறைந்த டிரம் பக்கம் எல்லோரும் பயந்து நடப்பார்கள். ‘காலி’ என்று ஒதுக்கிய டிரம்களின் பக்கத்தில் சிகரெட்டைக் கொளுத்திப் போடுவார்கள். உண்மையில் ஆபத்து காலி டிரம்மில்தான் அதிகம். நிறைந்ததில் காற்றுக்கு இடமில்லை. காலியானதில் மிச்ச ஆவியும் காற்றும் கலந்து கிடக்கும். காற்றில் பெட்ரோல் ஆவி ஒன்றரை விழுக்காட்டை ஒட்டி வந்தாலே வெடிக்கப் போதும். கல்தானே, எரியாது என்று எல்லோரும் நம்பிய சுண்ணாம்புக் கல் எரிந்த கதையையும் அவர் எழுதியிருக்கிறார். மரத்தைக் காய்ச்சி வடிக்கும் ஆலையில் அதை வெப்பக்காப்பாகப் பூசியிருந்தார்கள். அமில ஆவி பட்டுப் பட்டு அது வேறொரு பொருளாகிவிட்டது; பக்கத்துத் தீயின் சூட்டில் அசிட்டோனைக் கக்கி எரிந்தது. என் கணக்கில், மொழி நம் எண்ணத்தை வழிநடத்துகிறது என்ற அவருடைய வாதம் பல்கலைக்கழகத்தில் பாதியும் கருகிய கிடங்குகளில் பாதியுமாகப் பிறந்தது.

புதுச் சொல் 1953-இல் அமெரிக்கச் சட்டத்தின் பெயரிலேயே ஏறியது: ஃப்ளேமபிள் ஃபேப்ரிக்ஸ் ஆக்ட். புசுபுசுவென்று முடி எழுப்பிய ரேயான் ஸ்வெட்டர்களும் குழந்தைகளின் கௌபாய் உடுப்புகளும் பொறி பட்டதும் குப்பென்று பற்றிக்கொண்டதால் வந்த சட்டம் அது. அதற்கு ஓராண்டு முன்புதான் இந்திய நாடாளுமன்றம் தன் சட்டத்துக்கு ‘இன்ஃப்ளேமபிள் சப்ஸ்டன்சஸ் ஆக்ட், 1952’ என்று பெயர் வைத்திருந்தது. நம் லாரிகளின் மேல் பழைய சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதில் வியப்பில்லை.

பெயரை மாற்றியதோடு அந்தத் தீப்பாதுகாப்புச் சங்கம் நிற்கவில்லை. சொல்லுக்கு ஓர் எண்ணையும் கட்டிவிட்டது. தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடத் தொடங்கும் வெப்பநிலையை ஃப்ளாஷ் பாயிண்ட் என்பார்கள். அது 37.8 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் அந்தத் திரவம் ஃப்ளேமபிள் என்று வகுத்தது. அதற்கு மேல் போனால் ‘கம்பஸ்டிபிள்’ என்றது. பெட்ரோலுக்கு அது மைனஸ் 40-ஐ ஒட்டி வரும், அமெரிக்க டீசலுக்கு 50-ஐத் தாண்டும். கொளுத்தினால் இரண்டுமே எரியும் என்றாலும் விதிப்புத்தகத்தில் இரண்டும் வேறு சாதி.

பிரெஞ்சுக்காரர்கள் இந்த அறுவைச் சிகிச்சைக்கே போகவில்லை. அவர்களுக்கு இன்றும் தீப்பற்றுவது ‘அன்ஃப்ளமாப்ல்’தான், பற்றாததற்கு முன்னால் இன்னொரு ‘இன்’ சேர்த்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்திலும் வெட்டு எரிபொருளோடு நின்றுவிட்டது. மூட்டு வீங்கிச் சிவந்தால் மருத்துவர் எழுதுவது அதே வேரில் பிறந்த ‘இன்ஃப்ளமேஷன்’. அதன் தலையில் கை வைக்க எந்தக் காப்பீட்டு நிறுவனமும் முன்வரவில்லை.