'ஜெடாய்' ஒரு சமயமா? யார் முடிவு பண்றது?

"உங்க சமயம் என்ன?"

2001ஆம் ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 390,000 பேர் இந்தக் கேள்விக்கு எழுதிய பதில்: 'ஜெடாய்'. ஆமாம், 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஒளிவாளோடு வரும் அதே ஜெடாய்தான்!

பலர் விளையாட்டுக்கு எழுதினார்கள். ஆனால் அதை உண்மையாகவே பின்பற்றுவோரும் இருக்கிறார்கள். அப்போ, அது சமயமா?

ஆய்வாளர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

"கடவுள் நம்பிக்கை இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி என்று நினைப்பீங்க. அப்படி இல்லை. படைத்த கடவுள் ஒருவர் இருந்தே ஆகணும் என்றால் பௌத்தமும் சமணமும் பட்டியலில் இருக்காது.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டுர்கைம் 1912இல் வேறு வழி காட்டினார். எதையாவது புனிதமாகக் கருதும் நம்பிக்கைகளும் வழக்கங்களும் வேண்டும். அவை மக்களை ஒரே சமூகமாக இணைக்கவும் வேண்டும்.

பிரிட்டிஷ் அறிஞர் நினியன் ஸ்மார்ட் 7 அம்சங்களைப் பார்க்கச் சொன்னார்:

• சடங்குகள்
• புராணக் கதைகள்
• ஆன்மிக அனுபவம்
• கோட்பாடு
• ஒழுக்க நெறி
• சமூக அமைப்பு
• கோயில், சிலை போன்ற பொருள்கள்

7க்கு 4 வாங்கினா பாஸ் என்ற கணக்கெல்லாம் கிடையாது. ஓர் இயக்கத்தைப் புரிந்துகொள்ள அது ஒரு வழி, அவ்வளவுதான். அந்த நம்பிக்கை உண்மையா பொய்யா என்று ஆய்வாளர்கள் தீர்ப்பு சொல்வதில்லை.

நீதிமன்றம் என்ன செய்யும்?

ஆய்வாளர் "ஓரளவுக்குச் சமயம்தான்" என்று சொல்லி நிறுத்தலாம். நீதிமன்றம் அப்படி நிறுத்த முடியாது. திருமணப் பதிவு, வரிச் சலுகை எல்லாம் அதன் பதிலைப் பொறுத்தவை.

சயன்டாலஜி இயக்கத்தின் கூடம் வழிபாட்டுத் தலம் அல்ல என்று 1970இல் இங்கிலாந்து நீதிமன்றம் சொன்னது. அங்கே கடவுள் வழிபாடு இல்லை என்பதே காரணம். 2013இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. சமயம் என்றால் கடவுள் இருந்தே ஆகணும் என்று வரையறுத்தால் பௌத்தமும் விடுபடும் என்று அது சுட்டியது. அந்தக் கூடத்தில் திருமணம் செய்யக் காத்திருந்த ஜோடிக்கு வழி கிடைத்தது.

ஜெடாய்?

2016இல் ஜெடாய் அமைப்பு ஒன்று அறநிறுவனத் தகுதி கேட்டது. இங்கிலாந்து-வேல்ஸ் அறநிறுவன ஆணையம் மறுத்துவிட்டது. சமயம் என்று ஏற்கும் அளவுக்கு அதன் நம்பிக்கைகளில் கோவையும் தீவிரமும் இல்லை என்றது.

அடுத்த முறை யாராவது "இதெல்லாம் ஒரு சமயமா?" என்று கேட்டால், "எதுக்காகக் கேட்கிறீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். வகுப்பறையில் கிடைக்கும் பதிலும் வரி அலுவலகத்தில் கிடைக்கும் பதிலும் ஒன்றாக இருக்கணும் என்று அவசியம் இல்லை.