காயங்களோடு உயிர்த்தவர்

ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி கத்தோலிக்கக் கோயில்களில் விளக்கையெல்லாம் அணைத்துவிடுவார்கள். புதுநெருப்பு மூட்டிப் பாஸ்கா திரியைப் பற்றவைப்பார்கள். அதிலிருந்து ஒருத்தர் திரியில் வாங்கி இன்னொருத்தர் ஏற்றிக்கொள்வார். கிறிஸ்து உயிர்த்தார் என்ற சேதி இப்படித்தான் கைமாறிப் போகவேண்டும். தமிழ்நாட்டில் அது கைமாறிய வரலாற்றைப் புரட்டினால், யார் கையிலிருந்து யார் வாங்குவது என்பதிலேயே சாதி வந்து குந்திக்கொள்கிறது.

1826 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. ஆங்கிலிக்கன் பேராயர் ரெஜினால்டு ஹீபர் தஞ்சாவூரில் உயிர்ப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். தமிழ் ஆராதனையில் தமிழிலேயே ஆசி சொன்னார். எட்டாம் நாள் திருச்சியில் இறந்துபோனார். அந்தக் காலத்தில் தஞ்சை, வேப்பேரி சபைகளில் வெள்ளாளர் ஒரு பக்கம், தாழ்த்தப்பட்டவர் ஒரு பக்கம். நற்கருணைப் பாத்திரத்தில் வெள்ளாளர் குடித்த பிறகுதான் நம்ம சனம் வாய்வைக்கலாம். 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சாதியை அடியோடு விடவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வெள்ளாளர் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். உயிர்த்த ஆண்டவரா, சாதியா என்ற கேள்விக்கு அவர்கள் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டார்கள்.

கத்தோலிக்கர் கதை வேறில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயில் கால்சட்டை மாதிரி இரண்டு கிளையாகப் பிரிந்தது. வெள்ளாளரும் முதலியாரும் ஒரு கிளையில், நாடார் முதலானோர் மறு கிளையில். பீடம் மட்டும் பொது. 1910இல் நடுச்சுவரை இடித்தபோது மேல்சாதியார் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் கேட்ட தனியிடத்தை உரிமையாக ஏற்கவில்லை.

கோயிலில் இடித்த சுவர் கல்லறையில் எழும்பியது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் பிணத்தையும் மற்றவர் பிணத்தையும் ஒரு சுவர் பிரித்தது. அதை இடிக்கச் சொல்லி நம்மவர்கள் போராட வேண்டியிருந்தது. செத்த உடம்பு எழும்பும் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிற சபை இது. எழும்பும்போது எந்தப் பக்கம் எழும்புவது என்றும் முடிவு கட்டிவிட்டார்களா?

2008இல் ஈஸ்டர் மார்ச் 23. அதற்கு இரண்டு வாரம் முன்னால், தவக்காலத்து ஞாயிறான மார்ச் 9 அன்று, எறையூரில் வன்னியக் கிறித்தவர்கள் தலித் கிறித்தவர்களின் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் சுட்டதில் வன்னியர் இரண்டு பேர் செத்தார்கள். தலித்துகள் கேட்டதென்ன? தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்க வேண்டும் என்பதுதான். செத்தவர்களும் அடிபட்டவர்களும் ஒரே ஞானஸ்நானம் வாங்கியவர்கள்.

இதையெல்லாம் எதற்குத் திருநாள் நேரத்தில் கிளறுகிறாய் என்பார்கள். கிறிஸ்துவில் சாதியே கிடையாது என்பார்கள். உயிர்த்தவர் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்த சீடர்களிடம் வந்து முதலில் எதைக் காட்டினார்? ஆணி பாய்ந்த கையையும் குத்துப்பட்ட விலாவையும். உயிர்ப்பு அவர் காயத்தை அழிக்கவில்லை. தோமா தொட்டுப் பார்க்கத்தான் கேட்டான். நாம் சொல்லும்போது மட்டும் காயத்தை மூடு என்றால் எப்படி?

அரசாங்கமும் அதையே சொன்னது. 1950ஆம் வருட ஜனாதிபதி ஆணை இந்துக்களை மட்டும் பட்டியல் சாதியாக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவத் தலித் வெளியே நின்றான். ஞானஸ்நானத் தண்ணி பட்டதும் தழும்பு மறைந்துவிட்டதாம். சேரியில் இருக்கிறவனைக் கேட்டால் தெரியும்.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. காயத்தை ஒளிக்காமல் காட்டியது நல்லது. காகிதத்தோடு நிற்கக்கூடாது.

காலிக் கல்லறையைப் பார்த்துவந்து முதலில் சொன்னது பெண்கள். சீடர்கள் அதைப் பிதற்றல் என்று தள்ளினார்கள். சேதி பொய்யில்லை, சொன்னவர்களுக்குத்தான் மதிப்பில்லை. இன்றைக்குச் சேரிப் பெண் தன் சாட்சியைச் சொல்லும்போதும் அப்படித்தான் தள்ளுகிறார்கள். உயிர்ப்பை அறிவிக்க வருகிறவர்கள் முதலில் அவள் சொல்வதைக் கேட்கட்டும். உயிர்த்த ஆண்டவர் சப்பரம் அவள் தெருவுக்குள் வரட்டும். அவள் செத்தால் ஊர்க் கல்லறையில் எல்லாரோடும் கிடக்கட்டும்.